இரண்டு பூச்சு உப்பு

எங்கள் ஊர்க் குப்பைக் கிடங்கை இருபத்திரண்டு வருஷமாக வெர்னா ஸ்கோக்ஸ்டாட்தான் பார்த்துக்கொள்கிறாள். மாலை ஐந்து மணிக்குக் கதவை மூடும் நேரத்தில் தொட்டியருகே எந்தக் கரடி நின்றாலும், இடுப்பில் கை வைத்து ஒரே ஒரு சத்தம் போடுவாள்: "மூடியாச்சு! கிளம்பு! நாளைக்கு வா!" கரடி கிளம்பிவிடும். எங்கள் ஊர் சபைத் தலைவரின் பேச்சுக்கு இதில் பாதி மரியாதை கிடைத்திருந்தால் பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்றியிருப்போம்.

அப்படிப்பட்டவளை ஊர் பத்தொன்பது வருஷமாகக் 'கோழி' என்று கூப்பிட்டுவந்தது.

அதற்குக் காரணம் ஒரு நோட்டு. மேல் ஏரியின் கரையில் ஒரு மரக்குடில் இருக்கிறது. ஊரிலிருந்து எட்டு மைல் ஏற்றம். யார் வேண்டுமானாலும் போய்த் தங்கலாம். அடுத்து வருபவருக்கு விறகு வெட்டி வைக்க வேண்டும், மேசை இழுப்பறையில் இருக்கும் நோட்டில் நடந்ததை எழுத வேண்டும். நோட்டுக்கென்று சட்டம் உண்டு. குளிரில் விறைத்துச் செத்தாலும் அடுப்பு மூட்ட அதிலிருந்து ஒரு தாளைக் கிழிக்கக் கூடாது. எழுதியதை அடிக்கக் கூடாது. கண்ணால் கண்டதைத்தான் எழுத வேண்டும். கூட இருந்து கண்டவர் ஒருவராவது கீழே கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தில்லாத கதையை எங்கள் ஊர் நம்பாது. தேவாலயத்தில் பொய் சொன்னவர்கள் எங்களில் உண்டு. வருமான வரிக்காரரிடம் உண்மை சொன்னவரைத்தான் தேட வேண்டும். ஆனால் மேல் ஏரி நோட்டில் பொய் எழுதியவர் என்று அதுவரை ஒருவரும் இல்லை.

அந்த நோட்டின் நாற்பத்தோராம் பக்கம் இப்படி இருக்கும்: "இன்று மாலை நாலு பத்துக்கு வெர்னாவை ஒரு கோழி தாக்கியது. கோழி ஜெயித்தது."

எழுதியவர் பர்டெட் லும்லி. வெர்னாவின் அக்கா மார்லிஸின் கணவர். சாலை சமன்படுத்தும் வண்டியை முப்பது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர். சாலையைச் சமன்படுத்தியதில் மிச்சமிருந்த ஆர்வத்தை மனிதர்கள்மேல் காட்டினார். யாராவது கொஞ்சம் மேடாகத் தெரிந்தால் போதும், தட்டிவிடுவார். மார்லிஸ் ஒரு கதையைத் தொடங்கினால் இவர்தான் முடிப்பார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் மார்லிஸ் முடித்த கதை ஒன்றுகூடக் கிடையாது.

எழுதியது பொய்யில்லை என்பதுதான் கொடுமை. எங்கள் நாட்டில் தொழிலாளர் தினம் செப்டம்பரில் வரும். அந்தக் குடும்பம் ஒவ்வொரு வருஷமும் அந்த விடுமுறைக்கு மேல் ஏரிக்கு நடக்கும். அந்த வருஷம் புதருக்குள்ளிருந்து ஒரு காட்டுக்கோழி படபடவென்று வெர்னாவின் காலடியில் கிளம்பியது. கரடி என்று நினைத்துவிட்டாள். இடுப்பில் இருந்த கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரேயை எடுத்து அழுத்தினாள். காற்று எதிரே வீசியது. அத்தனை மிளகாயும் அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. ஓடைக்குள் தலையை விட்டுக்கொண்டு அவள் அலறிய இருபது நிமிஷமும் அந்தக் கோழி கைக்கெட்டும் கிளையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. இருக்கிற பறவைகளிலேயே புத்தி குறைந்தது என்று பெயரெடுத்த பறவை அது.

கீழே மார்லிஸ் கையெழுத்துப் போட்டாள். போடு என்றார், போட்டாள். அதற்கும் கீழே இருந்த கையெழுத்துதான் வெர்னாவைச் சுட்டது. அது அவள் கணவன் அர்லனுடையது.

"பாத்தேன்ல வெர்னா? பாத்ததுக்குத்தானே போட்டேன்," என்றான் அர்லன். நேர்மையான ஆள். அன்றிலிருந்து அவனுக்குப் பிறந்தநாள் கேக் கிடையாது. வெர்னா கேக் செய்வாள், மெழுகுவத்தியும் வைப்பாள், எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வருவாள்.

பர்டெட்டுக்கு அவ்வளவு எளிய தண்டனை போதாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவரைப் பற்றி அதே நோட்டில் ஒரு பக்கம் வர வேண்டும். அவர் நாற்பத்தோராம் பக்கத்தை மறக்கிற மாதிரி, ஊரும் மறக்கிற மாதிரி. பத்தொன்பது வருஷம் அவர் வழுக்கி விழுவார், தொலைந்துபோவார், ஒரு முயலுக்காவது பயப்படுவார் என்று பின்னாலேயே நடந்து பார்த்தாள். மனிதர் ஆடு மாதிரி ஏறினார். கோழி என்று பெயர் வைத்தவர்களுக்குக் கோழி அடைகாக்கும் என்பதுகூடவா தெரியாது? உட்கார்ந்தபடியே இருந்தாள். முட்டை சூடாகவே இருந்தது.

போன ஆகஸ்டில் ஊருக்குப் புதிதாக ஒரு பல் மருத்துவர் வந்தார். வந்து பதினைந்து நாள்தான். காலிப் பெட்டிகளைப் போடக் கிடங்குக்கு வந்தவர், வெர்னாவைப் பார்த்து முகமெல்லாம் பல்லாக, "நீங்கதானே கோழியம்மா? நேத்துதான் மேல போயிருந்தேன், படிச்சேன்!" என்றார்.

"பெட்டியெல்லாம் ரெண்டாவது தொட்டி," என்றாள் வெர்னா. அன்று மாலை கரடி வந்தபோது போட்ட சத்தத்தில் கரடி மூன்று நாள் வரவில்லை.

செப்டம்பரில் நால்வரும் கிளம்பினார்கள். எப்போதும்போல பர்டெட் முன்னால். அவர் காலில் அந்தப் பூட்ஸ். தடித்த தோல், முழங்காலுக்குக் கீழ்வரை கயிறு, பதினோரு வருஷமாகக் கரடிக் கொழுப்புத் தேய்த்துப் பழக்கியது. கரடி கேட்டு விலகிப் போகட்டும் என்பதற்காக நாங்கள் எல்லோரும் நடக்கும்போது குரல் கொடுப்போம். பர்டெட் கொடுப்பதைக் கேட்டால் கரடிகளுக்குச் சொற்பொழிவு ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று தோன்றும். மூன்றாவது மைலில் ஒரு மூஸ் மான் கன்றோடு பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. கோபத்தில் காதைப் பின்னுக்கு மடக்கியிருந்தது.

"யாரும் அசையாதீங்க. காது பின்னால போயிருக்கு. நான் பாத்துக்கறேன்," என்றார் பர்டெட்.

"இதுல பாக்க என்ன இருக்கு? ஒதுங்கி நின்னா அதுவா போகும்," என்றாள் வெர்னா.

"கோழி, இது உன் சாதி இல்ல. இதுக்கு நாலு காலு."

அர்லனுக்குச் சிரிப்பு வந்தது. மனைவி திரும்பிப் பார்த்ததும் அது இருமலாக மாறியது. மூஸ் நாற்பது நிமிஷம் இலை தின்றுவிட்டு, அதுவாகப் போனது. சற்றுத் தள்ளிச் சாப்பிட உட்கார்ந்தபோது பர்டெட்டின் காரிபூ மான் இறைச்சி சாசேஜை ஒரு சாம்பல் குருவி கையிலிருந்தே பறித்துக்கொண்டு போயிற்று. வெர்னா அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள்.

அவள் முதுகுப்பையின் அடியில் ஒரு ஜாடி இருந்தது. ஜூலையில் சால்மனைப் புகையில் போடும்முன் ஊறவைத்த உப்புத்தண்ணீர். ஐந்து நாள் மீன் ஊறியது. கூடவே வீட்டுக்கு வர்ணம் பூசும் சின்ன பிரஷ். உப்புக்காக முள்ளம்பன்றி எதையும் தின்னும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த எல்லோருக்கும் தெரியும். வியர்வை பட்ட கோடரிக் காம்பைத் தின்னும், துடுப்பைத் தின்னும், குடிலின் கழிப்பறைப் பலகையை அது தின்றதற்கு நோட்டில் ஏழு பக்கம் சாட்சி இருக்கிறது. பூட்ஸைக் குடிலுக்கு வெளியேதான் கழற்றிவைக்க வேண்டும் என்பது பர்டெட் போட்ட விதி. "உள்ள நாறும்," என்பார்.

அன்று மாலை பர்டெட் அர்லனை இழுத்துக்கொண்டு தூண்டிலோடு ஏரிக்குப் போனார், ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு. மார்லிஸ் உள்ளே ஜன்னலோரம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வெர்னா வெளியே பலகைப் படியில் உட்கார்ந்து, பூட்ஸை மடியில் வைத்து, உப்புத்தண்ணீரைப் பூசினாள். பூட்ஸின் தோல் நாக்குக்கு உள்ளே, தையல் ஓரம், கயிற்றுக்கு மேலே. காயவிட்டு இன்னொரு பூச்சு. குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பவளின் முகத்தில்கூட அவ்வளவு பொறுமை இருக்காது. மற்ற மூன்று ஜோடியையும் எடுத்துச் சாப்பாடு வைக்கும் இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள்.

"என் பூட்ஸக் காணோமே," என்றாள் மார்லிஸ், சாப்பாட்டின்போது.

"பெட்டியில இருக்கு."

"எதுக்கு?"

"பனி விழும்னு தோணுச்சு."

"ஓ," என்றாள் மார்லிஸ். இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

விடியும் நேரத்தில் வெர்னா அந்தச் சத்தத்தைக் கேட்டாள். மொறுமொறுவென்று யாரோ ரொட்டியை வாட்டி அவசரமில்லாமல் சாப்பிடுவது போன்ற சத்தம். போர்வையைத் தாடைவரை இழுத்துக்கொண்டு கேட்டாள். அர்லன் எத்தனையோ வருஷம் கிதார் வாசித்துப் பார்த்திருக்கிறான், எந்தப் பாட்டும் அவளை இப்படிச் சிரிக்கவைத்ததில்லை. அப்படியே தூங்கிப்போனாள்.

அது தப்பு. பத்தொன்பது வருஷம் விழித்திருந்தவள் அந்த ஒரு மணிநேரம் தூங்கியிருக்கக் கூடாது.

எழுந்து வந்தபோது காபி தயாராக இருந்தது. பர்டெட் மேசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் பூட்ஸின் மிச்சம் கிடந்தது. இடதுகாலுக்குக் கணுக்காலுக்கு மேல் ஒன்றுமில்லை. வலதுகாலுக்கு நாக்கும் கயிறும் போய், அடித்தோல் வாய் பிளந்து நின்றது. பக்கத்திலேயே நோட்டு திறந்திருந்தது. மை காய்ந்துகொண்டிருந்தது.

"கரடி," என்றார் பர்டெட், சன்னக் குரலில். "பெருசு. நானும் அதுவும் நேருக்கு நேர். வாயில என் பூட்ஸு. விடுறான்னேன். விட்டுட்டுப் போயிடுச்சு."

வெர்னா நோட்டைப் பார்த்தாள். தான் வைத்த உப்பில் இந்த மனிதர் வீரராகிக்கொண்டிருக்கிறார். நாற்பத்தோராம் பக்கத்தில் கோழியிடம் தோற்றவள், நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் கரடியிடம் ஜெயித்தவர். இனி குடிலுக்கு வரும் ஒவ்வொருவரும் இரண்டையும் சேர்த்துப் படிப்பார்கள்.

"அர்லன், கையெழுத்துப் போடு," என்றார் பர்டெட்.

"நான் பாக்கலையே, பர்டெட்."

"நான் பாத்தேன்ல? என் பேச்சு பத்தாதா?"

"உன் பேச்சு பத்தும். கையெழுத்துக்குத்தான் பத்தாது," என்றான் அர்லன். கேக் இல்லாமல் பத்தொன்பது பிறந்தநாள் போன ஒருவனின் நேர்மை அது. வெர்னாவுக்கு அவன்மேல் லேசாக இரக்கம் பிறந்தது.

பர்டெட் பேனாவை மனைவி பக்கம் தள்ளினார். "மார்லிஸ், நீ போடு. சத்தம் கேட்டல்ல? கேட்டா போதும்."

மார்லிஸ் பேனாவை எடுத்தாள். முப்பத்தொரு வருஷமாக நீட்டிய இடத்தில் எல்லாம் போட்ட கை.

வெர்னா பர்டெட்டின் நடையைப் பார்த்தாள். காபிப் பானையை எடுக்க எழுந்தவர் இடது குதிகாலை ஊன்றவில்லை. பிறகு வாசல் பலகையைப் பார்த்தாள். சுத்தமாகப் பெருக்கியிருந்தது. இந்த மனிதர் பிறந்ததிலிருந்து துடைப்பத்தைத் தொட்டவர் இல்லை. ஊரார் எதை மறைக்கிறார்கள் என்பதை அவர்கள் எங்கே கொட்டுகிறார்கள் என்பதிலிருந்து கண்டுபிடிப்பதுதானே அவள் பிழைப்பு! நேராக அடுப்பருகே போனாள், சாம்பல் வாளியில் கையை விட்டுக் கிளறினாள். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். கறுப்பு முனையுள்ள வெள்ளை முட்கள். மொத்தம் பதினொன்று.

"கரடிக்கு எப்ப முள்ளு மொளச்சது?" என்றாள்.

"அது போன வருஷத்துச் சாம்பல்," என்றார் பர்டெட்.

"குதிகால்ல குத்தினதும் போன வருஷத்து முள்ளா?"

"கோழி, உனக்குப் பொறாமை. முள்ளம்பன்றியாவே இருக்கட்டும், கோடரிக் காம்பும் கழிப்பறைப் பலகையும் இருக்கிற இடத்துல என் பூட்ஸ மட்டும் ஏன் தின்னணும்? சொல்லு பாப்போம்!"

பதில் தெரிந்தது தனக்கு மட்டும்தான் என்று வெர்னா நினைத்தாள். சொன்னால் பழி வாங்கியவள் என்று தன் பெயரைத் தானே எழுதிக்கொடுக்க வேண்டும். அடிக்க முடியாது, கிழிக்க முடியாது. சொல்லாவிட்டால் மார்லிஸ் கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

"அந்தப் பேனாவக் குடு, மார்லி," என்றாள் வெர்னா.

பர்டெட்டின் கரடிக்குக் கீழே, கொட்டை எழுத்தில் எழுதினாள். "வந்தது முள்ளம்பன்றி. பர்டெட்டின் பூட்ஸில் சால்மன் ஊறிய உப்புத்தண்ணீர் பூசியது நான். இரண்டு பூச்சு. முதல் பூச்சு நாற்பத்தோராம் பக்கத்துக்காக. இரண்டாவது, அதை அவர் சொன்ன ஒவ்வொரு தடவைக்கும். வெர்னா ஸ்கோக்ஸ்டாட்."

பர்டெட் படித்தார். முதலில் சிவந்தார், பிறகு சிரித்தார். "பிரமாதம். யாரு பாத்தா? கையெழுத்து எங்க? சாட்சி இல்லாத கதை, கோழி. ஊர்ல ஒருத்தன் நம்ப மாட்டான்."

உண்மைதான். வெர்னா அர்லனைப் பார்த்தாள். அவன் பரிதாபமாகக் கையை விரித்தான். அவன் ஏரியில் இருந்தான், பார்க்கவில்லை.

மார்லிஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ரொம்ப நேரம் எழுதினாள். பர்டெட் எட்டிப் பார்க்க வந்தபோது இடது கையால் மறைத்துக்கொண்டாள், பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி. எழுதியது இது: "ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு பூச்சும் பார்த்தேன். தையல் ஓரத்தில் நன்றாகப் பூசினாள். சொல்லியிருக்கலாம். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். மார்லிஸ் லும்லி."

"மார்லிஸ்!" என்றார் பர்டெட்.

"இரு, முற்றுப்புள்ளி வைக்கல," என்றாள் மார்லிஸ். வைத்தாள்.

இறங்கும்போது பர்டெட் நடந்த நடையை நாலு பேர் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பூட்ஸ் மிச்சத்தை மாவுச்சாக்கில் சுற்றி, வெள்ளி டேப்பால் வரிந்து கட்டியிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு முனகல். குரல் கொடுக்க மூச்சில்லை. அதனால்தான் வழியில் இருந்த கரடி முன்கூட்டியே விலகிப் போகவில்லை.

ஊரிலிருந்து ஐந்தாவது மைலில், ப்ளூபெரிச் சரிவில், பழுப்புக் கரடி ஒன்று பழம் தின்றுகொண்டிருந்தது. தலையைத் தூக்கியது. மூக்கை ஆட்டியது. ஐந்து நாள் சால்மன் ஊறிய வாசனை காற்றில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நால்வரில் நேராக பர்டெட்டின் காலைத்தான் பார்த்தது. பார்த்துக்கொண்டே இறங்கி வந்தது.

"வெர்னா," என்றான் அர்லன், உதடு அசையாமல். "வெர்னா, பழுப்பு!"

வெர்னா ஸ்பிரேயை எடுத்தாள். புல்லைக் கொஞ்சம் பிடுங்கி மேலே போட்டுக் காற்றைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள் என்பதை மார்லிஸ் பிறகு சொன்னாள். தேவைக்கு ஒரு மூச்சு அதிகமாகவே நிதானமாக. பர்டெட் அந்த ஒரு மூச்சில் தனக்குத் தெரிந்த ஜெபத்தை எல்லாம் சொல்லி முடித்தார்.

காற்று எதிரேதான் வீசியது. வெர்னா ஸ்பிரேயை உறைக்குள் திரும்ப வைத்தாள். பர்டெட்டுக்கு முன்னால் போய் நின்று, இடுப்பில் கை வைத்தாள்.

"மூடியாச்சு! கிளம்பு! நாளைக்கு வா!"

கரடி நின்றது. அவளை உற்றுப் பார்த்தது. எங்கள் கிடங்கின் வாடிக்கையாளராகவும் இருக்கலாம், யார் கண்டது? திரும்பிச் சரிவில் ஏறிப் போய்விட்டது.

பிறகு பர்டெட் ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"நோட்டு மேலயே இருக்கு," என்றார். "இத எழுதணும். நானே திரும்பிப் போய் எழுதறேன். எல்லாத்தையும் எழுதறேன். நீ முன்னால வந்து நின்னதை, காத்தப் பாத்ததை. அர்லன் போடட்டும், மார்லிஸ் போடட்டும். நாப்பத்தோராம் பக்கத்துக்கு ஈடா இது இருக்கட்டும். என்ன சொல்ற?"

மூன்று மைல் ஏற்றம், அந்தக் காலோடு. போயிருப்பார். அவ்வளவு பயந்திருந்தார், அவ்வளவு வெட்கப்பட்டுமிருந்தார். வெர்னா யோசித்தாள். கரடியை விரட்டியவள் என்ற பக்கம் சின்ன விஷயமில்லை. பல் மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படிப்பார்கள்.

"வேணாம்," என்றாள். "கரடிக்கும் எனக்கும் நடுவுல நோட்டு தேவையில்ல. தினமும் பாக்கறோம். இனிமே உன் கையெழுத்துல என் பேரு வரவே கூடாது, பர்டெட். நடையக் கட்டு."

அக்டோபருக்குள் ஊரில் பாதிப் பேர் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தைப் படிக்க மலையேறிவிட்டார்கள். மற்ற பாதி, ஏறி வந்தவர்களிடம் கேட்டுக்கொண்டது. மார்லிஸ் இப்போது அந்தக் கதையை விருந்துகளில் சொல்கிறாள், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். பர்டெட் குனிந்து கயிறு கட்டும்போதெல்லாம் நினைக்கிறார். வெர்னா அர்லனுக்குக் கேக் செய்தாள். ஒரு துண்டு வெட்டிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். பத்தொன்பது வருஷக் கணக்கு ஒரே நாளில் தீராது என்றாள்.

எங்கள் ஊருக்குக் குப்பைக் கிடங்கு ஒன்றுதான். ஒருநாள் பர்டெட் தம் வண்டியைக் கதவருகே நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். பக்கத்து இருக்கையில் ஒரு காகிதப் பை. அதிலிருந்து வெள்ளி டேப் நீட்டிக்கொண்டிருந்தது.

"இத எங்க போடணும்... வெர்னா?" என்றார்.

அவள் கையுறையைக் கழற்றினாள்.

"என்னன்னு கூப்பிட்ட?"

"வெர்னா."

"பின்னால வண்டியில இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

பின்னால் ஆறு வண்டி நின்றது. மூன்றாவதில் பல் மருத்துவர்.

"வெர்னா!" என்று கத்தினார் பர்டெட்.

"தோல் சாமான் நாலாவது தொட்டி," என்றாள் வெர்னா. "ஆனா அத இங்க குடு."

வாங்கினாள். ஜேபியிலிருந்து இரண்டு ஆணியை எடுத்தாள். ஆணிகளை அவள் எத்தனை வருஷமாக ஜேபியில் வைத்திருந்தாள் என்பது யாருக்கும் தெரியாது. ஏணி வைத்து ஏறி, நுழைவுக் கதவின் மேல் சட்டத்தில் இடது பூட்ஸுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று அடித்து மாட்டினாள். இறங்கிவந்து பார்த்தாள். இடது கொஞ்சம் சாய்ந்திருந்தது. மறுபடி ஏறி அதைச் சரிசெய்தாள்.